எர்த் பின்

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய்

கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபயரில் இணைத்த நாளிலிருந்து பாட்டுக்குப் பின்னால் ஓர் உறுமல். போன வாரம் கம்ப்யூட்டர் பிளக்கின் எர்த் பின்னை, கசியும் கரண்டைத் தரைக்குள் இறக்கும் அந்த மூன்றாவது பின்னை, வெட்டிவிட்டேன். உறுமல் நின்றது. பெருமையாக இருந்தது.

இன்று காலை வீடு துடைத்த என் மனைவி மேரி ஈரக்கையோடு கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

“கரண்ட் அடிக்குதுய்யா. இன்னா பண்ணி வச்ச?”

“ஈரக்கையால தொட்டா அப்டித்தான்.”

நம்பிவிட்டாள். நான் வேலைக்குப் போகாமல் கல்மண்டபம் கடைத்தெருவுக்குப் போய் எர்த் பின் உள்ள புது வயர் வாங்கி வந்து மாட்டினேன். சாயங்காலம் பாட்டோடு உறுமலும் வந்தது.

“நல்லாத்தான பாடிகினு இருந்துச்சு. இப்ப இன்னா உறுமுது?” என்றாள் மேரி.

தெரியவில்லை என்றேன்.

சின்ன மகள் பெட்டியில் முதுகைச் சாய்த்துப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். போன வாரம் முழுக்க அங்கேதான் சாய்ந்திருந்தாள்.