பிளேக் வருஷத்தில் நீங்கள் திறந்த கொல்லைக் கதவு

காலா,

இன்று காலை முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து எங்கள் தெருச் சாக்கடையில் பினாயில் ஊற்றிவிட்டுப் போனார்கள். ஊரில் எங்கோ வாந்திபேதியாம். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நெடி மூக்கில் ஏறியதும் உலையில் போடவேண்டிய அரிசியைத் தரையில் கொட்டிவிட்டேன். இங்கே ஆம்பூரில் வாத்தியாரம்மாவாக இருக்கிற என் மகள், "இன்னாம்மா, பினாயிலுக்குப் போயி இப்படிப் பயப்படறே?" என்று சிரித்தாள்.

அவள் பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்துகிறாள். அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நாம் பட்ட பிளேக் வருஷங்களுக்கு அதில் ஒரே ஒரு வரி. நோய் வந்தது, சர்க்கார் தடுத்தது, முடிந்தது. துரைமார் எந்த ஊருக்கு எந்த வண்டியில் போனார்கள் என்பதற்கு மட்டும் பக்கம் பக்கமாக இருக்கிறது. வாணியம்பாடியில் ஒரு கொல்லைக் கதவு திறந்ததை யார் எழுதப்போகிறார்கள்? எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதனால்தான் நானே உட்கார்ந்துவிட்டேன். படிக்க நீங்கள் இப்போது உயிரோடு இல்லை என்பது தெரியாமல் இல்லை.

உங்கள் வீட்டு முன்வாசல் பெரிய தெருவில் இருந்தது. கொல்லைக் கதவு எங்கள் சந்தில் திறக்கும். எங்கள் சந்து ஆட்களைப் பல வீடுகளில் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். உங்கள் வீட்டில் தடுத்தது கோஷாத் திரை ஒன்றுதான், அதுவும் அந்நிய ஆண்கள் எல்லோருக்கும் பொது. சிறு பெண்ணான எனக்கு அது கிடையாது. நான் உள்ளே வந்து, உங்களைச் சின்னம்மா முறையில் உங்கள் பாஷையிலேயே காலா என்று கூப்பிட்டு, தூளியில் கிடக்கும் உங்கள் பையனை ஆட்டிவிட்டு, தட்டில் இருப்பதைத் தின்றுவிட்டுப் போவேன். உங்கள் கணவருக்குத் தோல் தரகு. என் அப்பா ஆற்றங்கரைத் தோல்கிடங்கில் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை. எத்தனையோ வருஷம் அடுத்தடுத்து இருந்தும் அப்பா உங்கள் முகத்தைப் பார்த்ததில்லை.

சுண்ணாம்புக் குழிக்காரர்களுக்குக் கையில் வெடிப்பு வராத மாசம் உண்டா? வெடிப்பு புண்ணாகும், புண் சீழ் வைக்கும், உடனே அக்குளில் நெறி கட்டிக்கொள்ளும். காய்ச்சலும் வரும். மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு இரண்டு நாள் படுத்து எழுந்துபோவார்கள். எங்கள் சந்தில் அது ஜலதோஷம் மாதிரி. ஆனால் பிளேக்குக்கும் நெறிதான் அடையாளம், காய்ச்சல்தான் அடையாளம். வெளியூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டருக்கு இந்த வித்தியாசத்தை யார் சொல்வது? சொன்னாலும் யார் கேட்பது? அக்குளில் கை வைத்துப் பார்ப்பார்கள், வீக்கம் தட்டுப்பட்டால் மூடுவண்டியில் ஏற்றுவார்கள். ஊருக்கு வெளியே கொட்டகை. அப்பாவோடு வேலை செய்த பக்கத்து வீட்டுக்காரரை அப்படித்தான் கையில் புண்ணோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். கொட்டகையில் நிஜமான நோயாளிகளின் நடுவே படுத்தவர் திரும்பவில்லை.

அந்த வாரமே அப்பாவுக்கு நெறி கட்டியது.

காலையில் பெரிய தெரு முனையில் வண்டி நிற்கிறது என்று சத்தம் கேட்டது. அப்பாவுக்கு எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை. அம்மா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள், பிறகு போய் உங்கள் கொல்லைக் கதவைத் தட்டினாள். உங்கள் கணவர் சரக்கோடு பட்டணம் போயிருந்த சமயம். நீங்கள் கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டீர்கள்.

"யாரு?"

"நான்தான் பீபிம்மா. அவருக்கு நெறி கட்டிக்கினு கெடக்கறாரு. கைப்புண்ணுதான், சத்தியமா சீக்கு இல்ல. பார்த்தா இட்டுக்கினு போய்டுவானுங்க. கொஞ்ச நேரம் உள்ள வெச்சிக்கிங்க."

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கதவின் ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அம்மா தோளில் ஒரு இடி இடித்தாள். உள்ளே இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்நிய ஆண் கால் வைக்காத வீடு. யார்தான் சம்மதிப்பார்கள்?

தாழ்ப்பாள் விலகியது. "கண்ணக் கட்டி இட்டுக்கினு வா. ஜல்தி" என்றீர்கள்.

அப்பாவின் துண்டாலேயே அவர் கண்ணைக் கட்டி, நான் கையைப் பிடித்து நடத்தி வந்தேன். காய்ச்சல் கை, அடுப்புப் பக்கத்துச் சுவர் போலச் சுட்டது. உள்ளறையில் மெத்தைகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் படுக்க வைத்தோம். அம்மா ஓடிப்போய்த் தன் வீட்டில் நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் முன்வாசலில் பூட்ஸ் சத்தம். கோஷா வீடு என்றால் ஆண்கள் உள்ளே வரமாட்டார்கள், மறுநாள் நர்சம்மா வந்து பார்ப்பாள். ஆனால் கேள்வி கேட்பார்கள். உங்கள் குரலை வெளியாள் கேட்கக்கூடாது என்பதால், யார் வந்தாலும் திரைக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை நின்று நீங்கள் மெல்லச் சொல்வதை உரக்கச் சொல்லவேண்டும். அன்றைக்கு அந்தப் பிள்ளை நான்.

"வீட்டுல ஆம்பளைங்க யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பட்டணம் போயிருக்காங்களாம்."

"உள்ள யாருக்காச்சும் காய்ச்சலா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து அப்பா முனகினார். நீளமான முனகல். டவாலி போட்ட சேவகன் தலையைத் தூக்கினான். திரை இடுக்கில் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தூளிக்குள் கையை விட்டுப் பையனின் தொடையைக் கிள்ளினீர்கள். சும்மாக் கிள்ளவில்லை, திருகினீர்கள். பிள்ளை வீடே அதிர வீரிட்டான். அவன் நிறுத்தப் பார்த்தபோது மறுபடி கிள்ளினீர்கள். உங்கள் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"கொழந்தைக்கு இன்னா?"

"பல்லு மொளைக்குது. ராவெல்லாம் பேஜார்" என்றேன். அது நீங்கள் சொல்லிக்கொடுத்தது இல்லை, நானே விட்டது. பிற்பாடு அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்வீர்கள், "பொய் சொல்றதுக்குன்னே பொறந்த பொண்ணு" என்று.

அவர்கள் போனார்கள். ஆனால் நேராக எங்கள் சந்துக்குத்தான் போனார்கள். எங்கள் வீட்டில் பானைகளை உருட்டுவது உங்கள் உள்ளறைக்குக் கேட்டது. அப்பா குடியாத்தம் போயிருப்பதாக அம்மா திருப்பித் திருப்பிச் சொன்னாள். அவர்கள் பாயைக் கொளுத்தி, தரையெல்லாம் பினாயிலைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த நெடி சுவர் தாண்டி வந்தபோது நான் உங்கள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலத்துக்குள் அப்பாவின் நெறி உடைந்து சீழ் வடிந்தது. காய்ச்சல் இறங்கியது. கண்ணைக் கட்டியபடியே வீடு திரும்பினார். மறுநாள் வந்த நர்சம்மா உங்களையும் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போனாள். பையன் தொடையில் இருந்த நீலத்தை மட்டும் பார்த்துவிட்டு, உங்களை ஒரு மாதிரிப் பார்த்தாளாம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்கள் கணவர் பட்டணத்திலிருந்து வந்ததும், யாரும் கேட்காமலே, நீங்களே எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். மறுநாள் கொல்லைக் கதவில் பூட்டு. ரம்ஜான் வந்து போயிற்று, பூட்டு அப்படியே இருந்தது. அப்பா தோல்கிடங்கில் அவரைப் பார்த்து, "சாயபு, சத்தியமா நான் கண்ணத் தொறக்கல" என்றாராம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பிறகு ஒருநாள் அவரே பூட்டைக் கழற்றினார்.

இத்தனை வருஷமும் நான் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா செய்த சத்தியத்தை நீங்கள் நம்பினீர்கள், அதனால்தான் கதவைத் திறந்தீர்கள் என்று. நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு வாணியம்பாடி வந்திருந்தேனே, அன்றைக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டே அதைச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"நம்பவே இல்லடீ. பிளேக்குன்னுதான் நெனச்சேன்."

எனக்குக் கை நின்றுவிட்டது. "பின்ன ஏன் காலா? புள்ளைங்க இருந்திச்சே?"

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

"வூட்டுக்காரரு சாகக் கெடக்கறாரு, எவளா இருந்தாலும் கதவ ஒடைப்பா. உங்கம்மா மெதுவா தட்னா. தொறக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சே தட்னா. அதத்தான் என்னால தாங்க முடியல."

அப்பா அதற்குப் பிறகு என் கல்யாணத்தைப் பார்த்தார், என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டார். அத்தனையும் உங்கள் கையால் வந்தது. ஆனாலும் சொல்கிறேன் காலா, எனக்கு உங்கள்மேல் கோபமும் உண்டு. அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஏதாவது ஆகியிருந்தால்? நானாக இருந்தால் திறந்திருக்க மாட்டேன். பிள்ளை பெற்ற பிறகு எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

ஆனால் நீங்கள் அதைச் சொன்னதிலிருந்து, ஓங்கித் தட்டுகிறவர்கள் எங்கள் வீட்டில் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும். மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டால் மட்டும், யார் என்றுகூடக் கேட்காமல் எழுந்து ஓடுகிறேன்.