லாகின் திரையில் பெரிய எழுத்து

செவ்வாய்க்கிழமை, இரவு

நேற்று ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது எழுத்தைப் பெரிதாக்கும் வசதியை அணைக்க மறந்துவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டரில் எனக்குப் பிறகு வேறொருவர் உட்காருவார். அதனால் லாகின் திரையின் மூலையில் இருக்கும் அந்த ஐகானைக் காலையில் போடுவதும் மாலையில் அணைப்பதுமாக எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். என் கண் பார்வை மங்கிவருவது ஆபீசில் யாருக்கும் தெரியாது.

இன்று போனபோது என் சீட்டைச் சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். பாஸ்வேர்டு கட்டம் திரை முழுக்க அடைத்திருந்தது.

"யாரோ வெளையாடியிருக்காங்க. சொல்ப பாத்து ஆஃப் பண்ணிடுங்க சார்" என்றார் டீம் லீடர் மஞ்சுநாத், கன்னடம் கலந்த தமிழில்.

"யாரு பாத்த வேலையோ" என்று நானும் சிரித்தபடி அணைத்தேன். எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது. அவர் நகராமல் பின்னாலேயே நின்றார். பாஸ்வேர்டு அடித்தேன், ஏற்கவில்லை. கீழே ஒரு வரி வந்தது. குனிந்து படித்தால் தெரிந்துபோகும் என்று மறுபடி அதையே அடித்தேன்.

"கேப்ஸ் லாக் ஆன்ல இருக்குன்னு போட்டிருக்கே, பாக்கலையா சார்?"

"கவனிக்கல" என்றேன்.

"பரவாயில்ல. அந்த ஐகானையே எடுக்கச் சொல்லிட்டேன். நாளையிலருந்து யாரும் கை வைக்க முடியாது."

தேங்க்ஸ் என்று சொன்னேன்.

நாளைக் காலை ஆறு மணிக்கு அதே திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். இதை எழுதவே ஐந்து பக்கம் ஆகிவிட்டது. போன வருஷ டைரியில் இருக்கும் என் எழுத்தில் இது அரைப் பக்கம்தான் வந்திருக்கும்.