கடலில் காட்டிய சூடம்

ஆடி வெள்ளிக்காகப் பூஜை அலமாரியைத் துடைத்தபோது தீப மைப் பொட்டலம் கையில் பட்டது. கார்த்திகை தீபத்தன்று மலை உச்சிக் கொப்பரையில் நெய்யும் சூடமும் எரிந்து மிஞ்சிய கரி. நண்பா, நீ இறந்துபோன பிறகு வந்த முதல் தீபத்தின் மை. நீ இருந்தால், "கொஞ்சம்தான்டா பொட்டலத்துக்கு வந்திருக்கு, மீதி எங்க போச்சுனு கேளு" என்பாய்.

மலையடி ஊரான அடி அண்ணாமலைக்காரன் நீ கடலுக்கு வேலைக்குப் போனது எங்களுக்கெல்லாம் வேடிக்கை. ஆராய்ச்சிப் படகில் ஓர் இயந்திரம் காற்றை இழுத்து வெள்ளைத் தாளில் தூசியைப் பிடிக்கும். தாளை மாற்றுவது உன் வேலை. கரை கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் தாள் கறுக்கும் என்றாய். "உப்பு கடலோடது. கறுப்பு நம்மளோடது. டீசலு, சூளை, குப்பை கொளுத்தறது, எல்லாம் காத்துல அங்கதான் வருது."

பிறகு அந்த ஆயுத பூஜை. படகிலிருந்த கருவிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தாய். புகையைப் பிடிக்கும் இயந்திரத்துக்கு மரியாதை குறையக் கூடாதென்று, ஓடிக்கொண்டிருந்த அதன் வாய்க்கு நேராகச் சூடம் காட்டினாய். அதுவும் முழு பக்தியோடு உள்ளே இழுத்துக்கொண்டது. கன்னங்கரேலென்றிருந்த தாளைப் பார்த்த அதிகாரி, "எந்தக் கப்பல் போச்சு?" என்று பரபரத்தார். தூரத்தில் வசதியாக ஒரு கப்பல் போய்க்கொண்டும் இருந்தது.

நீ, "கப்பல் இல்ல சார், நான்தான்" என்றாய்.

அடுத்த பயணத்தில் உனக்கு இடமில்லை. அதன் பிறகும் இல்லை. கரையில் ஒரு மேசை கொடுத்தார்கள். கடல் உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"கப்பல்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்லடா" என்றேன், வேங்கிக்கால் டீக்கடையில்.

"எல்லாரும் அதத்தான்டா சொல்றாங்க. கப்பல்காரன் சூளைக்காரனச் சொல்றான், அவன் லாரிக்காரனச் சொல்றான். அந்த ஒரு தாள்லதான் ஆளு யாருன்னு தெரிஞ்சுது. அதப் போய் தூக்கிப் போட்டுட்டாங்க."

இன்று சாயங்காலம் கொல்லையில் வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்தினேன். மேல்காற்று புகையைக் கிழக்கே தள்ளியது. மாடியிலிருந்து மனைவி, "துணி காயப் போட்டிருக்கேன், பக்கத்து வீட்ல புகையப் போட்டிருக்காங்க பாருங்க" என்றாள்.

பழியைப் போடப் பக்கத்து வீடு வசதியாகத்தான் இருந்தது.

"அவங்க இல்ல, நான்தான்" என்றேன்.

சொன்ன பிறகு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து நெருப்பில் ஊற்ற வேண்டியதாகிவிட்டது. நீ விட்டுப்போன வார்த்தையில் உள்ள தொல்லை அதுதான்.