சுற்றாமல் நின்ற எண்

ஏல வரிசை அச்சான, ஓரத்தில் துளையிட்ட அந்த நீளத் தாள் என் மேசையில்தான் கிடக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் குரங்கணி ஊர்ப் பெரியவர் ஏலக்காய் ஏலக் கூடத்தில், எல்லார் முன்னாலும் என் மேல் விட்டெறிந்தது.

"நாலு வாரமா எங்க காய்தேன் கடைசி. வாங்குறவுக எந்திரிச்சுப் போன பெறகு எங்க மூடைக்கு எவன் வெல கேப்பான்? செத்துப்போன ஒங்க கூட்டாளி பெரிய தோட்டத்துக்காரவுகளுக்குன்னே எழுதி வச்சிட்டுப் போயிருக்கான்!"

உன்மேல் எனக்கு ஏற்கெனவே கோபம். கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கும்போதே "ஒண்ணுமில்ல மாப்ளே, வெயிலு" என்று போடிமெட்டுக்கு ஜீப்பில் ஏறிப்போய், காமாலையில் செத்துப்போன மடையன் நீ.

எந்த வாரம் யார் மூட்டை முதலில் ஏலத்துக்கு வரும் என்று வரிசை போடும் புரோகிராம் உன்னுடையது. வாரம் ஒரு விவசாயியைக் கூப்பிட்டு ஒரு விசையை அழுத்தச் சொல்வாய். வரிசை கலைந்து புதிதாக விழும். எப்படிக் கலைகிறது என்று கேட்டால், "எனக்கே தெரியக்கூடாது மாப்ளே. தெரிஞ்சா எவனாச்சும் காப்பி வாங்கிக் குடுத்துக் கேப்பான்" என்று சிரிப்பாய். புரோகிராமின் மூல வரிகளையும் எங்கும் விட்டுவைக்கவில்லை.

நீ போனபின் பழைய சி.பி/எம் கம்ப்யூட்டர் மெசினும் போனது. புதிதாக வந்த டாஸ் மெசினில் உன் புரோகிராம் ஓர் எழுத்துகூடக் காட்டவில்லை. வேறு எழுதித் தொலை என்றார்கள் ஏலக் கம்பெனியில். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய மெசினின் மூளையான சில்லு செய்ததையெல்லாம் கட்டளை கட்டளையாகப் பாவனை செய்யும் புரோகிராம் ஒன்றை மூன்று மாதம் உட்கார்ந்து எழுதினேன். பழைய மெசினில் இருப்பதாகவே நம்பி அதற்குள் உன்னுடையது ஓடியது. ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

தாள் விழுந்த மத்தியானம் உன் புரோகிராமைப் பிரித்துப் பார்த்தேன். உன் திருட்டைத் தேடித்தான். திருட்டு இல்லை. பழைய சில்லுக்குள் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் எண் ஒன்று உண்டு. விசை அழுத்தும் நொடியில் அது எங்கே இருக்கிறதோ, அதைக் கொண்டுதான் கலைத்திருக்கிறாய். இது எவனுக்கு வேண்டும் என்று என் பாவனையில் அதைப் பூஜ்யமாகவே நிறுத்தியிருந்தேன் நான். அதனால் எதுவும் கலையாமல், பதிவேட்டில் பெயர் சேர்ந்த வரிசையே அப்படியே வந்திருக்கிறது: முதலில் சேர்ந்த பெரிய தோட்டங்கள் முன்னால், குரங்கணிக்காரர்கள் கடைசி.

ஒரே ஒரு வரி எழுதிவைத்திருந்தால் என்ன, பாவி?

அந்த எண்ணைச் சுற்றவிட்டேன். மறுவாரம் கூடத்தில் எழுந்து, தப்பு என்னுடையது என்றேன்.

"அப்ப அவன் கள்ளன் இல்லையா?"

"இல்லீங்கய்யா. நான்தேன் அவசரக்காரன்."

"இத மொதல்லயே பாக்குறதுக்கென்ன? படிச்சவுகதான?"

பெரியவரே விசையை அழுத்தினார். குரங்கணி நடுவில் வந்தது. துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார்.

அவர்கள் உன்னை விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் உன்னைத் திட்டியபோது, இரண்டு வருடம் உன் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த நான் "இருக்காது" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையடா. இருக்குமோ என்றுதான் போய்த் திறந்தேன். நீ இருந்திருந்தால் என் சட்டையைப் பிடித்து உலுக்கித் திட்டியிருப்பாய். வாங்கவேண்டிய அந்தத் திட்டை வாங்காமலே திரிகிறேன்.