இரண்டாவது சாவி

மார்ச் 3, திங்கள்

என் காரை விற்றுவிட்டான். என்னைக் கேட்கவில்லை. முழங்கால் அறுவைக்காக நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் மகன் என் காரை ஓட்டிப்போய் யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறான். நாளைக்கு யாராவது “அம்மாதான் விக்கச் சொன்னாங்க” என்று கதை கட்டிவிடக் கூடாது. அதற்காகவே எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஒரே பிள்ளை. ஆனாலும் வீட்டில் அவனுக்குப் பெரியவன் என்றுதான் பெயர். மூன்று வயதிலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் புத்தி சொன்னவன். இன்றைக்கும் கை பின்னால்தான் இருக்கிறது.

கடன் அவன் ஆபீஸ் வழியாகக் கிடைத்ததால் வண்டி அவன் பெயரில் இருந்தது. தவணை கட்டியது என் தையல் மெஷின். இரண்டாவது சாவியும் அவனிடம். பெயரும் சாவியும் அவனுக்கு, வண்டி மட்டும் எனக்கு. ஏமாளி என்று நெற்றியில் எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

“பணத்த உன் அக்கவுண்ட்லதானேம்மா போட்டிருக்கேன்?”

“நான் பணத்தக் கேட்டேனா?”

“இனிமே நீ எதுக்கு ஓட்டணும்? கூப்பிட்டா டாக்ஸி வாசலுக்கே வருது.”

வருகிறது. திரைச்சீலைக் கம்பிகளைத் தலையிலா கட்டிக்கொண்டு போவான் டாக்ஸிக்காரன்?

மார்ச் 6, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். வண்டி வாங்குகிறேன். என் பணம், என் பெயர், இரண்டு சாவியும் என் கைப்பைக்குள். இதில் பேச்சுக்கே இடமில்லை.

எனக்கு யாரும் கார் ஓட்டக் கற்றுத் தரவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு, திரைச்சீலை தைத்து வீடு வீடாகக் கொண்டு கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பழைய வண்டியும் ஒரு பழைய புத்தகமும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தை மைதானம் காலியாக இருக்கும். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கே ஓட்டினேன். மைதானத்து விளக்குக் கம்பம் ஒன்று இன்றும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. அப்படிக் கற்றதை இவன் ஒரு மதியத்தில் விற்றுவிட்டு வந்தான்.

அக்கா போன் செய்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறாள், எண்பதை நெருங்குகிறாள், கண் மங்கல். சனிக்கிழமைதோறும் நான் போய் ஏற்றிக்கொண்டு ஆற்றோரம் ஒரு சுற்று வருவேன். அவள் வீட்டைவிட்டு வெளியே வருவது அதற்கு மட்டும்தான். “டாக்ஸில போயேன்” என்றால், “முன்னப்பின்ன தெரியாதவன நான் எப்படித் திட்டுறது?” என்பாள். என் ஓட்டுதலைத் திட்டுவதுதான் அவளுக்குப் பாதிப் பயணம்.

“எனக்குச் சனிக்கிழமை வந்தே ரொம்ப நாளாச்சுடி” என்றாள்.

 

மார்ச் 8, சனி

காலுக்குப் பயிற்சி சொல்லித் தரும் பெண் வந்தாள். தாழ்வான காரில் இனி உட்காரக் கூடாதாம். நாற்காலி உயரத்தில் சீட் இருந்தால், முட்டியை ரொம்ப மடக்காமல் உட்கார்ந்து எழலாம். டேப்பை எடுத்து என் தையல் நாற்காலியை அளந்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் அக்கா குள்ளம். ஜீப் மாதிரி உயரமாக வாங்கினால் அவளுக்கு ஏணி வைக்க வேண்டும். எனக்குத் தாழ்வு ஆகாது, அவளுக்கு உயரம் ஆகாது.

மருமகள் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். “அத்தை, சின்ன எஸ்யூவின்னு ஒண்ணு இருக்கு. கிராஸ்ஓவர்ங்கறாங்க. காருக்கும் ஜீப்புக்கும் நடுவுல.”

“ரெண்டுங்கெட்டானா?”

“ஆமா.”

“அதுதான் நமக்கு வேணும்.”

மார்ச் 9, ஞாயிறு

புது வண்டி பார்க்கப் பெரியவன் கூட்டிப்போனான். அவனுக்குப் புதிதுதான் வேண்டும். வாரண்டி, ஆறு ஏர்பேக், கேமரா. எனக்குப் பழையது போதும், உடனே வேண்டும். சரி, பார்த்து வைப்போம் என்று போனேன்.

கண்ணாடிக் கூடம். டை கட்டிய பையன் ஒருவன் ஓடி வந்தான். மூச்சுக்கு மூச்சு சார்.

“சார், அம்மா பின்னாடி உக்கார எவ்ளோ எடம் பாருங்க சார்.”

“தம்பி, அம்மா முன்னாடி உக்காருவாங்க” என்றேன்.

“முன் சீட்டும் சூப்பரா இருக்கும்மா. சார் ஓட்டும்போது நீங்க அப்படியே வெளிய வேடிக்கை பாத்துக்கிட்டு—”

“சார் ஓட்டமாட்டார். நான் ஓட்டுவேன். சார் வேடிக்கை பாப்பார்.”

பையன் பெரியவனைப் பார்த்தான். பெரியவன் கூரையைப் பார்த்தான்.

வண்டி நல்ல வண்டி. பொய் சொல்ல மாட்டேன். சீட் என் டேப்புக்குச் சரியாக வந்தது. பின் சீட்டை மடக்கினால் துணிக்கட்டும் கம்பியும் சுகமாகப் படுத்துக்கொள்ளும். ஆனால் பதிவு செய்தால் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகுமாம். அதற்குள் அக்காவின் சனிக்கிழமைகளை யார் திருப்பித் தருவார்கள்?

அதையும் பொறுத்திருப்பேனோ என்னவோ. அப்போதுதான் பெரியவன் சொன்னான், “என் பேர்லயே புக் பண்ணிடறேம்மா. எனக்கு ஆபீஸ் டிஸ்கவுண்ட் இருக்கு.”

கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சூடு கண்ட பூனை நான்.

மார்ச் 10, திங்கள்

யாரோடும் பேசவில்லை. துணி வெட்டினேன்.

மார்ச் 15, சனி

பழைய வண்டி விற்கும் இடத்துக்கு மருமகளோடு போனேன். பெரியவனிடம் சொல்லவில்லை. கடைக்காரர் வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி. பேசும்போது அது இந்தக் கடைவாய்க்கும் அந்தக் கடைவாய்க்கும் நடக்கிறது.

சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன எஸ்யூவி. கியர் வண்டி. ஆட்டோமேட்டிக்கும் இருக்கிறது என்றார். “அது பொம்மைக் கார், வேணாம்” என்றேன். வீட்டிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கிளட்ச்சை மிதித்துக் கியர் போடாதவன் என்ன ஓட்டுநர்?

ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாசல் வரை ராணி மாதிரிதான் போனேன். வாசலில் ஒரு மேடு. நிறுத்தி, கிளட்ச்சை மிதித்து, மறுபடி எடுக்கப் பார்க்கிறேன் — இடது கால் வரவில்லை. முட்டி பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. வண்டி பின்னால உருளுது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மருமகள் சட்டென்று ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

பின்னாடி சுவர்தான் இருந்துச்சு. நல்லவேளை. ஆள் நின்னிருந்தா? ஐயோ.

 பிறகு அவள், “அத்தை, நான் ஒண்ணும் பாக்கல.”

“எதை?”

“அதைத்தான்.”

இந்தப் பெண்ணை இத்தனை வருஷமாக வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

தூக்கமில்லை. அப்படியென்றால் அவன் சொன்னது சரியா? நான் ஓட்டவே கூடாதா?

இல்லை. கேட்காமல் விற்றது தப்பு. அதில் மாற்றமே இல்லை. ஆனால் கிளட்ச்? அது வேறு விஷயம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது.

மார்ச் 18, செவ்வாய்

அறுவை செய்த டாக்டரிடம் நேராகக் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. மேட்டில் நடந்ததையும் சொன்னேன்.

“இடது காலுக்குக் கிளட்ச் இன்னும் கொஞ்ச மாசம் வேண்டாம்மா. ஆட்டோமேட்டிக்னா தாராளமா ஓட்டுங்க. அதுக்கு வலது கால் போதும்.”

“வலது கால் எனக்கு எப்பவுமே நல்ல பிள்ளை டாக்டர். இடதுதான் தகராறு.”

சாப்பிடும்போது சொன்னேன், “ஆட்டோமேட்டிக்தான் வாங்கப்போறேன்.”

பெரியவனின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. “பொம்மைக் கார்னு சொன்னியே?”

“பொம்மைதான் வேணும். வயசாச்சுல்ல, விளையாடறேன்.”

மருமகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் துடித்தது.

மார்ச் 20, வியாழன்

பெரியவன் போனில் விளம்பரமாக அனுப்புகிறான். எல்லாம் பழைய வண்டி, எல்லாம் ஆட்டோமேட்டிக்.

“புதுசு வேணாமா உனக்கு?” என்றேன்.

“நீ காத்திருக்கவா போற? அதுக்குள்ள எந்த ஓட்டை வண்டியையாவது வாங்கிட்டு வந்து நிப்ப. அதுக்கு நானே பாத்துடறேன்.”

மார்ச் 22, சனி

மறுபடி பல்குச்சிக்காரர். இந்த முறை பெரியவனும் வந்தான், என் பழைய காரைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கும் வந்தார்.

மூலையில் ஒரு மஞ்சள் வண்டி. பழுத்த எலுமிச்சை மஞ்சள். இதுவரை ஒரே ஒருத்தர் வைத்திருந்த வண்டி, ஆட்டோமேட்டிக். நிறத்தைப் பார்த்து எல்லோரும் ஓடிவிடுகிறார்களாம். அதனால் விலை இறங்கி நிற்கிறது. டேப்பை வைத்தேன். என் நாற்காலியைவிட ஒரு விரல் உயரம். போதும்.

நான் சும்மா வரவில்லை. வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டுதான் வந்தேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும், வெள்ளத்தில் முங்கிய வண்டியானால் அடியில் சேற்றுக் கறை இருக்கும். இழுத்தேன். கறை!

“முங்கின வண்டி! முங்கின வண்டிய விக்கிறீங்களே, மனசாட்சி இருக்கா?” கூடத்தில் வண்டி பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

மெக்கானிக் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார், ஸ்டெப்னிக் குழியைத் தடவினார், கடைசியில் பெல்ட்டை மூக்கருகே கொண்டுபோனார். “அக்கா, இது டீ.”

பல்குச்சி நிதானமாக இடம் மாறியது. “முன்னாடி வெச்சிருந்தவங்க நர்ஸும்மா. காலைல டீயும் கையுமாதான் வண்டி எடுப்பாங்க.”

பெரியவன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. நான் சிரிக்கவில்லை. பெல்ட்டைத் துவைத்துக் கொடுத்தால்தான் பேச்சு என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஓட்டிப் பார்த்தேன். பக்கத்தில் பெரியவன். முதல் திருப்பத்திலேயே அவன் வலது கால் தரையை அழுத்தியது. அவன் பக்கம் பிரேக் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு சிக்னலிலும் மிதிக்கிறான். அதே வாசல் மேட்டில் நிறுத்தி எடுத்தேன். வண்டி பின்னால் உருளவில்லை, நின்று பிறகு ஏறியது. பொம்மைக்குப் புத்தி இருக்கிறது.

திரும்பும்போது, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

“அன்னைக்கு நீயே ஓட்டிட்டுப் போய் அட்மிட் ஆனியா. உன்ன உள்ள கொண்டுபோனப்போ வளையல், கண்ணாடி, சாவி எல்லாம் ஒரு கவர்ல போட்டு என் கையில குடுத்தாங்க. கீழ வந்தா பார்க்கிங்ல உன் கார் தனியா நிக்குது. என்னால அதப் பாக்க முடியலம்மா.”

“அதுக்கு?”

“தெரியல. அது கண்ணு முன்னாடி இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு.”

“உக்காந்து அழுதுட்டு வந்திருக்கலாமேடா. விக்கணுமா?”

 அவன் கால் தரையை மிதித்தது. நான் பிரேக் பிடித்தேன்.

மார்ச் 29, சனி

கடைசிப் பரீட்சை அக்கா. கடைக்காரரிடம் கேட்டு மஞ்சள் வண்டியை அவள் வீட்டுக்கு ஓட்டிப்போனோம். மாடியில் நின்றுகொண்டிருந்தாள். தெருமுனை திரும்பும்போதே குரல் கேட்டது.

“ஏதோ மஞ்சளா வருதே, அது நீயாடி?”

பழைய கார் வாசலில் நின்றாலும் அவளுக்குத் தெரியாது. ஹாரன் அடித்துத்தான் கூப்பிடுவேன்.

முன் கதவைத் திறந்துவிட்டோம். ஒரு காலை உள்ளே வைத்து, கைப்பிடியைப் பிடித்து, ஒரே எம்பலில் ஏறிவிட்டாள். “ஒட்டகத்துல ஏத்துவியோன்னு பயந்தேன். இது கழுதை உயரந்தான். பரவால்ல.”

பெரியவன் பின்னால் உட்கார்ந்தான். ஆற்றோரம் ஒரு சுற்று. பாலம் வருவதற்குள் அக்கா மூன்று தரம் திட்டினாள். காது குளிர்ந்தது.

ஏப்ரல் 2, புதன்

வண்டி என் பெயரில். இரண்டு சாவியும் கைப்பையில்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் திரைச்சீலை மாட்டும் வேலை. கம்பி தூக்கப் பெரியவனையே கூட்டிப்போனேன். ஏணியில் ஏறி அவன் மாட்ட, கீழே நின்று நான் மடிப்புச் சரிபார்க்க, வேலை முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. வரும் வழியில் புத்தி சொல்லிக்கொண்டே வந்தான். லேன் மாறாதே, அந்த லாரியை விடு, இண்டிகேட்டர் போடு. சுங்கச்சாவடி தாண்டியதும் சத்தமில்லை. திரும்பிப் பார்த்தேன். தூங்கிவிட்டான். வாய் திறந்து, தலை கண்ணாடியில் சாய்ந்து, வலது கால் தளர்ந்து கிடந்தது. எதையும் மிதிக்கவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு எழுப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இனி ஆக வேண்டியவை:

மெக்கானிக்: முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். மழைக்கு முன்னால்.

பல்குச்சிக்காரர்: துவைத்த பிறகும் பெல்ட்டில் டீ தெரிகிறது. வேறு பெல்ட் தர வேண்டும். விடமாட்டேன்.

மருமகள்: இந்த வண்டியை ஓட்டிப் பழக வேண்டும். நான் சொல்லித் தந்தால் கத்துவேன். புத்தகம் தருகிறேன், சந்தை மைதானம் இருக்கிறது. கம்பத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கா: சனிக்கிழமை நான் வருவதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நிற்க வேண்டும்.

நான்: ஆண்டுக்கு ஒரு தரம் கண்ணையும் காலையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். போதும் என்று அவர் சொல்லும் நாளில் சாவியை நானே கொடுப்பேன். யாரும் எடுக்கக் கூடாது.

பெரியவன்: கேட்காமல் விற்றது தப்பு என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. அவசரமில்லை. இரண்டாவது சாவியைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். தூங்கும்போது அவன் சட்டைப்பையில் போட்டுவிட்டேன்.