கழற்றி வைத்த பின்சீட்டு

கொட்டகலை
12.05.1962

மகள் றோசலினுக்கு,

அன்றைக்கு நுவரெலியாவில் நின்றவர்கள் தோட்டத் துரை, கார்களைச் சோதித்த வெள்ளைக்காரர், உன் அப்பா, உன் புருசன் சூசை, நான். நீ இல்லை. பேத்தி கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முன் பழசை மன்னித்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறாய். அதனால் கேள்.

மேட்டில் கார் ஓட்டும் போட்டி அது. ஓட்டியவர் துரை; அவர் காரைக் கழற்றிப் பூட்டும் பிட்டர் உன் அப்பா. முதல் ஓட்டத்துக்கு எதையும் கழற்றலாம். பாரம் குறைந்தால் கார் பறக்கும். அப்பா பம்பரையும் பின்சீட்டையும் கழற்றி வைத்தார். இரண்டாவது ஓட்டத்துக்குக் கார் கடையில் வாங்கியபடியே இருக்க வேண்டும். பம்பரைப் பூட்டிவிட்டுச் சீட்டைத் தூக்க வந்தார். நான் அதன்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன்.

"வியாகுலம், அது வேணாம். ஒன் பொண்சாதி நல்லா உக்காரட்டும்" என்றார் துரை. உன் புருசனுக்கு ஒரே சிரிப்பு.

கார் முதலாவதாக வந்தது. சோதித்தவர் கதவைத் திறந்து, சீட்டு எங்கே என்றார். பிட்டர் மறந்துவிட்டான் என்றார் துரை. அப்பா உன் புருசனைப் பார்த்தார்.

"ஆமாங்க தொரை, மாமாதான் மறந்துட்டாரு."

நான் சீட்டைவிட்டு எழுந்து நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு வேலை போனது. உன் புருசன் துரையின் டிரைவர் ஆனார். "பொழைக்கிற பய, விடு புள்ள" என்று சாகும்வரை அப்பா சொன்னார்.

புதுநன்மைக்கு வருகிறேன். பேத்திக்கு வெள்ளைச் சட்டை தைத்துவிட்டேன். கார் அனுப்ப வேண்டாம், பஸ்ஸில் வருவேன். உன் புருசன் ஓட்டும் காரில் பின்சீட்டில் நான் உட்கார மாட்டேன்.

கப்பலேறிப் போன துரையைக்கூட மன்னித்துவிட்டேன். சூசையை மன்னிக்க மாட்டேன்.

உன் அம்மா