ஐந்தரை மணி விளக்கு

அப்பா,

உங்கள் அலமாரியின் மேல்தட்டில், மடித்து வைத்த கம்பளி ஸ்வெட்டருக்குள் ஒரு பல்பு இருந்தது. பழைய பதினைந்து வாட்ஸ் குண்டு பல்பு. சபை நாட்காட்டியின் டிசம்பர் தாளில் சுற்றி நூலால் கட்டியிருந்தீர்கள். ஸ்வெட்டரில் இன்னும் டீசலும் தைலமும் மணந்தன. தாளில் இருந்த ஆண்டைப் பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடங்களுக்கு முந்தைய தாள்.

நீங்கள் செய்வதைப்போலப் பல்பைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டினேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பியூஸ் போன பல்பெல்லாம் சலசலக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாட்டிப் பார்க்கலாமென்றால் கரண்டு இல்லை. மத்தியானக் காற்றில் கொட்டச்சேடு ரோட்டில் மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டதாம். வருவதற்குச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். நீங்கள் போன பிறகு வீட்டைக் காலி செய்ய வந்தவளுக்கு அதற்கு மேல் கை ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருக்கிறது. எழுதுகிறேன்.

நம் வாசல் விளக்கை ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலை ஐந்தரைக்கு நம் வாசலில் விளக்கு எரிந்தால் நீங்கள் நடக்கத் தயார். எரியாவிட்டால் எஸ்டேட் ஜீப்போடு சேலத்துக்கு இறங்கிவிட்டீர்கள். உங்களோடு நடக்க வருகிறவர் கேட்டைத் தட்ட வேண்டாம், எதற்கு வந்தேன் என்று சொல்லவும் வேண்டாம். குடியை விடப் பார்க்கிறவர், பெண்டாட்டியைக் கைநீட்டி அடித்துவிட்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தவர், வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பிப் போனவர். பெரும்பாலும் நம் சபை ஆண்கள், சில நாள் மற்றவர்களும். சர்ச் வரைக்கும் போய், ஏரியைச் சுற்றிக்கொண்டு திரும்புவீர்கள். அந்த நடையில் நீங்கள் யாருக்கும் வசனம் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை. பக்கத்தில் நடந்தீர்கள், அவ்வளவுதான்.

வெளுத்த பிறகு போனால் என்ன, இந்தப் பனியில்தான் போக வேண்டுமா என்று ஒருமுறை கேட்டேன்.

"மூஞ்சி தெரியாதப்பத்தான் கண்ணு ஆம்பளைங்க வாயத் தொறப்பாங்க," என்றீர்கள்.

பஜாரில் உங்களுக்குப் பல்பு கொடுக்கும் கடைக்கார பாய் உங்களைச் சீண்டாமல் விட்டதில்லை. "ஏனுங்க டிரைவரே, ஜீப்புல பாரம் ஏத்தறது பத்தாதுன்னு ஆளுங்களையும் இழுத்துக்கிட்டுத் திரியறீங்க. ஒரு நூறு வாட்ஸாப் போட்டா உங்க வேதம் இன்னுங் கொஞ்சம் தூரம் தெரியுமுங்களே?"

நீங்கள் சிரித்துக்கொண்டே பல்பைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தீர்கள். "பனியில பெரிய லைட்டப் போட்டா வெள்ளச் செவுருதான் பாய் தெரியும். சின்னதாப் போட்டாத்தான் அடுத்த நாலடி தெரியும்."

தேவராஜ் அண்ணன் இந்தத் தாளில் இருக்கும் வருடம் அக்டோபரில் வரத் தொடங்கினார். காப்பித் தோட்டத்து நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிக்கிறவர். குடித்துவிட்டு மரத்திலிருந்து இரண்டு முறை விழுந்தவர். மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு குப்பனூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தால் மலை ஏறி வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் சேதி வந்த நாளிலிருந்து தேவராஜ் அண்ணன் ஒரு காலைகூடத் தவறவில்லை. நடை முடிந்ததும் நம் படியில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். "பாப்பா, உங்கப்பாரு நடக்க வெச்சே பாதி உசுர வாங்கிட்டாரு. மீதிய உங்க காப்பிதான் புடிச்சு வெச்சிருக்குது," என்பார். நான் சிரிப்பேன். காப்பி கொடுக்கும்போதெல்லாம் அவருடைய கை நடுங்குகிறதா என்று பார்ப்பேன். வாரங்கள் போகப் போக நடுக்கம் குறைந்தது.

கிறிஸ்துமசுக்கு ஒன்பது நாள் இருந்தது. எனக்குக் கல்லூரி விடுமுறை விட்டிருந்தார்கள். உங்களுக்குக் காய்ச்சல். முந்தைய இரண்டு காலைகளும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கியபடியே நடந்துவிட்டு வந்தீர்கள். இரண்டாம் நாள் மாலையில் என்னிடம் சொன்னீர்கள்: "அஞ்சே காலுக்கு லைட்டப் போட்டுட்டு என்ன எழுப்பியுடு கண்ணு."

நான் ஐந்தே காலுக்கு எழுந்தேன். காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். சுவிட்சில் கை வைக்கவில்லை.

உங்கள் உடம்புக்காகத்தான் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பாதிதான் உண்மை. அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாம் இரண்டு பேர். உங்கள் காலைகளோ யார் யாருக்கோ போய்க்கொண்டிருந்தன. ஒரு நாளாவது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். அதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

கேட்டுக்கு வெளியே இருமல் கேட்டது. "ஏனுங்கண்ணா," என்று ஒரே ஒரு முறை, மெதுவாக. கூப்பிடக் கூடாத இடத்தில் கூப்பிட்டுவிட்டதுபோல உடனே அடங்கியது. நான் அடுப்பைத் தணித்துவிட்டு அசையாமல் நின்றேன். கேட்டின் கொண்டியை யாரோ தொட்டு, எடுக்காமல் விட்ட சத்தம். பிறகு சரிவில் இறங்கிப் போன காலடி.

ஆறரைக்கு விழித்து, இருண்ட வாசலைப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள். "லைட்டு எரியலயா கண்ணு?"

"பல்பு போயிருச்சுங்கப்பா."

காய்ச்சலோடு நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றினீர்கள், புதியதை மாட்டினீர்கள். அந்தப் பல்பை என்ன செய்தீர்கள் என்று நான் பார்க்கவில்லை.

அன்று மதியம் தேவராஜ் அண்ணன் குடித்தார். அதே கோலத்தில் பஸ் ஏறிக் குப்பனூர் போய் மாமியார் வீட்டு வாசலில் நின்றார். மனைவி அவரைப் பார்த்தார், மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. வடக்கே போகிற லாரியில் ஏறினார் என்று ஒருவர் சொன்னதை நம்பி, எத்தனையோ லாரி நிறுத்தங்களில் விசாரித்தீர்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னீர்கள். "எங்க வாசல் பல்பு போயிருச்சு. நாந்தான் பாத்து வெச்சிருக்கோணும். அவன் வந்து, இருட்டப் பாத்துட்டுத் திரும்பிட்டான். அவனுக்காகவும் எனக்காகவும் ஜெபம் பண்ணுங்க." பெண்கள் பக்கத்தில் என் முன்னால் இருந்தவரின் புடவைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க ஒரு நொடி போதுமாயிருந்தது. எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு எப்போதும் வீட்டில் இரண்டு பல்புகள் உபரியாக வைத்திருந்தீர்கள். முழங்கால் நடக்க விடாத கடைசி வருடங்களிலும் விளக்கை மட்டும் போட்டுவிட்டு உள்ளே நாற்காலியில் காத்திருந்தீர்கள். பனியே இல்லாத சேலத்தில், நான் இன்றும் ஐந்தே காலுக்கு விழித்துக்கொள்கிறேன். கொண்டியைத் தொட்டு விடுகிற அந்தச் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்க் கதவைத் திறந்தால் மாடிப்படி மட்டும் இருக்கிறது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நான் மேலே வரும்போதெல்லாம் ஒரு முறையாவது கேட்பீர்கள். "காலைல ஒரு நட வாறியா கண்ணு?" அந்த டிசம்பருக்கு முன் நீங்கள் அப்படிக் கேட்டதில்லை. குளிருது, தலை வலிக்குது, பரீட்சைத் தாள் திருத்தணும் என்று ஏதாவது சொல்வேன். போன பிப்ரவரியில் தடியை ஊன்றிக்கொண்டு கேட்டீர்கள். "வெளுக்கறதுக்குள்ள கேட்டு வரைக்கும் போயிட்டு வந்தரலாம் சாமி." நாளைக்குப் போலாமுங்கப்பா என்றேன். மறுநாள் காலை சேலத்துக்கு இறங்கிவிட்டேன்.

இவ்வளவு எழுதியபோது கரண்டு வந்தது.

வாசலுக்குப் போய், நாற்காலி போட்டு ஏறி, இப்போதிருக்கும் பல்பைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். கீழே இறங்கிச் சுவிட்சைப் போட்டேன்.

எரிகிறது, அப்பா.

ஜீப் பல்பை ஆட்டிப் பார்த்தே நல்லதா போனதா என்று சொல்லிவிடுவீர்கள். இதைக் கையில் எடுத்த அந்தக் காலையிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சபை முன் எழுந்து நின்று உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள். என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பனிக்குள் கூப்பிட்டீர்கள், இருபத்திரண்டு வருடமாக.

பனி இப்போது படி வரைக்கும் வந்துவிட்டது. இந்த வெளிச்சம் கேட் வரை எட்டவில்லை. நாலடி தெரிகிறது. அந்த நாலடி நடந்து, அதற்கப்பால் தடவித் தடவிப் போய்க் கொண்டியைத் தூக்கிக் கேட்டை விரியத் திறந்து வைத்தேன். உங்கள் ஸ்வெட்டர் என் மேல் இருந்தது. யார் முகமும் தெரியாத அந்த இடத்தில் நின்று வாய்விட்டுச் சொன்னேன்.

"நாந்தாங்கப்பா லைட்டப் போடல."